சந்தை மலை ஏறுமா?

கள்ளக்குறிச்சியில் நடந்த படிப்பு வட்டத்தில் கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, மின்சாரத்தை அரசு கையில் வைத்திருப்பதால்தானே இவ்வளவு நட்டம்? தனியாருக்கு விட்டால் போட்டி வரும், விலை குறையும். சந்தைக்குச் சாதி தெரியாது. நமக்கு அதுதானே நல்லது?"

கேலி செய்து ஒதுக்கிவிடும் கேள்வி அல்ல இது. ஒரு இணைப்புக்கு மனு போட்டு மாதக்கணக்கில் அலைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அரசு மீது கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதை யார் அறுவடை செய்யப் பார்க்கிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அரசின் கை எட்டாத இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். கல்வராயன் மலையைப் பாருங்கள். நாடு 1947இல் விடுதலை அடைந்தது. அந்த மலையோ 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். சட்டம் விலகி நின்ற இடத்தில் சுதந்திரம் வரவில்லை, ஜாகிர்தார்தான் உட்கார்ந்திருந்தார்.

இப்போது மின்சாரத்துக்கு வருவோம். ஒரு தொழிற்பேட்டைக்குக் கம்பி இழுத்தால் நூற்றுக்கணக்கான வீடுகளின் நுகர்வை ஒரே ஆலை வாங்கிக்கொள்ளும். வெள்ளிமலையைத் தாண்டி, முப்பது வீடுகள் உள்ள ஒரு குக்கிராமத்துக்குக் கம்பம் நட்டால் போட்ட காசு பல ஆண்டுகளுக்குத் திரும்பாது. லாபக் கணக்கு மட்டும் பார்க்கும் எந்த நிறுவனமும் அந்த மலையில் ஏறாது. அதற்குச் சாதி தெரியாமல் இருக்கலாம், ஆனால் யாரிடம் காசு இருக்கிறது என்பது நன்றாகத் தெரியும். இந்த நாட்டில் காசு எந்தத் தெருவில் சேர்ந்தது, எந்தத் தெருவில் சேரவில்லை என்பதைச் சாதிதானே தீர்மானித்தது?

மலைக்கும் சேரிக்கும் இன்று விளக்கு எரிகிறது என்றால், பெரிய நுகர்வோர் சற்றுக் கூடுதலாகக் கட்டும் குறுக்கு மானியம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மின்சாரத் திருத்த மசோதா, ஒரே கம்பி வலையில் பல நிறுவனங்கள் விற்கலாம் என்றது. 2025 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவு, ஆலைகளும் ரயில்வேயும் மெட்ரோவும் சுமக்கும் குறுக்கு மானியத்தை ஐந்தாண்டுகளில் ஒழிக்கச் சொல்கிறது. காசுள்ள வாடிக்கையாளர் தனியாருக்கு, காசில்லாதவர் அரசுக்கு. பிறகு "பாருங்கள், அரசு நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது" என்று அவர்களே கட்டுரை எழுதுவார்கள்.

போட்டி வந்தால் விலை குறையும் என்பதையும் சோதித்துவிடலாம். 2022 மார்ச்சில் கோடை சூடேறியபோது இந்திய மின்சாரச் சந்தையில் ஒரு யூனிட் 20 ரூபாய் வரை போனது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு 12 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உச்சவரம்பு போட்டது. சந்தைவாதிகள் கோவில் கட்டிக் கும்பிடும் டெக்சாஸில் 2021 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்தது. மொத்தச் சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலரைத் தொட்டது. லட்சக்கணக்கான வீடுகள் இருளில் உறைந்தன. அந்த மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். குளிரைத் தாங்கும்படி மின் நிலையங்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அது "செலவு" என்று விடப்பட்டிருந்தது.

கட்டுப்பாடு தூங்கினால் என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மெத்தனால் ஒரு தொழிற்சாலை இரசாயனம். அதை எரிபொருளாகவும் வளர்க்க வேண்டும் என்று நிதி ஆயோக் பேசுகிறது. 2024 ஜூனில் அதே மெத்தனால் கருணாபுரத்துக்குச் சாராயமாக வந்தது. 65க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள், நம் மக்கள். ஒவ்வொரு லிட்டரும் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்பதை "லைசென்ஸ் ராஜ்" என்று ஏசுகிறவர்கள் ஒருமுறை கருணாபுரத்துத் தெருவில் நடந்துவிட்டு வந்து பேசட்டும்.

அதற்காக அரசுக்கு நாம் வெண்சாமரம் வீச முடியாது. இலவசங்களின் கணக்கையும் எடுப்போம். சிறு விவசாயிகளுக்கு 1984இல் தொடங்கிய இலவச மின்சாரம், 1989–91 தி.மு.க. ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. நல்லதுதான். ஆனால் மோட்டார் யாரிடம் இருந்தது? கிணறு யாரிடம்? நிலம் யாரிடம்? அந்த வயலில் நாற்று நட்ட நம் அம்மாக்களின் குடிசைக்குக் கிடைத்தது ஒற்றை விளக்கு. 2016இல் வீடுகளுக்கு வந்த 100 யூனிட்தான் நிலமற்றவர் வீட்டையும் மற்றவர் வீட்டையும் முதன்முறையாக ஒரே வரிசையில் வைத்தது. அதையும் "இலவசப் பிச்சை" என்கிறார்கள். பெரிய தோட்டத்து மோட்டாரைப் பார்த்து அவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் கவனித்தார். மின்சாரம் தனியாருடையதா அரசுடையதா என்ற இதே கேள்வியை அவர் 1943இலேயே எழுப்பினார். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் தொழில் வளராது, தொழில் வளராமல் நிலத்தை நம்பிக் கிடப்பவர்களின் வறுமை தீராது என்பது அவர் நிலைப்பாடு. அவருக்கு அது சேரியிலிருந்து வெளியேறும் வழி. 1947இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில், அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்றும் அதை அரசமைப்பிலேயே எழுத வேண்டும் என்றும் கேட்டார். ஆளுகிறவரின் கருணையை அவர் நம்பவில்லை.

எனவே தம்பி, சந்தையா அரசா என்று நம்மை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தப்பு. நாம் கேட்பது உரிமை. அதற்கான கருவிகள் சட்டத்தில் இருக்கின்றன. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 43: விண்ணப்பித்தால் இணைப்பு கொடுப்பது கடமை. "உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்" என்கிறது சட்டம். பட்டா இல்லை என்று விரட்டுபவரிடம் இந்த வரியைக் காட்டுங்கள். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2): கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை மின்கம்பிக்கும் சாலைக்கும் பள்ளிக்கும் ஒதுக்கலாம். "காடு, அனுமதி இல்லை" என்று வனத்துறை சொன்னால் அங்கே கிராம சபைத் தீர்மானம் பேசட்டும். மின் கட்டணம் ஏறும் முன் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கிறது. ஆலை முதலாளிகளின் சங்கங்கள் வழக்கறிஞரோடு வந்து உட்காருகின்றன. நம் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

அந்த நாற்காலியில் போய் உட்காருங்கள். மலையிலிருந்து ஒருவரையும் சேரியிலிருந்து ஒருவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்!