நூறு ரூபாய்க்கு ஒரு வீடு

எங்க ஆபீஸ் கேண்டீன்ல ஓடுற பேச்சு ரெண்டே வகைதான். அப்ரைசல் வர்ற வரைக்கும் அப்ரைசல், வந்த பிறகு ரியல் எஸ்டேட். கேளம்பாக்கத்துல சதுர அடி என்ன விலை, திருப்போரூர் தாண்டி மனை வாங்கலாமா, பட்டாவுல வில்லங்கம் இருக்குமா... இப்படியே போய்க்கிட்டிருந்த பேச்சு கொஞ்ச நாளா கடல் தாண்டிடுச்சு. "இத்தாலியில ஒரு யூரோவுக்கு வீடு தர்றாங்களாம் மச்சி", "ஜப்பான்ல ஊர் ஊரா வீடு சும்மா கிடக்காம்". தினமும் யாராவது ஒருத்தர் ஒரு வீடியோவோட வர்றாங்க. கல் வீடு, மரக்கதவு, பின்னாடி மலை, கூடவே கிதார் இசை. பக்கத்து சீட் நண்பர் ஒரு படி மேல போய், மடிப்பாக்கம் ஃபிளாட்டுக்குச் சேர்த்து வச்சிருக்கிற முன்பணத்தை இதுல போட்டா என்னன்னு சீரியஸாவே கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார். "இப்ப முதலீடு, பின்னாடி ரிட்டையர்மென்ட். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்பது அவர் வாதம்.

ரெண்டு மாங்காயும் விழாது என்பது என் கட்சி. ஏன்னு கொஞ்சம் விலாவாரியா எழுதி வைக்கிறேன்.

டிஸ்கி: நான் ஆடிட்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஜாவா எழுதிப் பிழைக்கிறவன். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்களைக் கேட்டுக்குங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஒரு யூரோ திட்டம் ஏமாத்து வேலை இல்லை, நிஜம்தான். சிசிலித் தீவுல சலேமின்னு ஒரு ஊர். 1968-ல் வந்த பூகம்பத்துல இடிஞ்சு, மக்கள் விட்டுட்டுப் போன வீடுகள் அங்கே நிறைய. 2008-ல் அந்த ஊர் மேயரா இருந்த விட்டோரியோ ஸ்கார்பி, அந்த வீடுகளை ஒரு யூரோவுக்குத் தர்றோம்னு அறிவிச்சார். அப்புறம் காஞ்சி, முசொமேலின்னு வேற ஊர்களும் இந்த வழியில இறங்கின. 2019-ல் சம்புகா என்கிற ஊர் அறிவிச்சப்போ உலகம் பூரா செய்தி ஆச்சு.

ஆனா அந்த ஒரு யூரோ என்னன்னு பாருங்க. சம்புகாவுல அது ஏலத்தோட ஆரம்ப விலை. பல வீடுகள் அதுக்கு மேல ஆயிரக்கணக்கான யூரோவுக்குத்தான் போச்சு. கையில 5,000 யூரோ டெபாசிட் கட்டணும். மூணு வருஷத்துக்குள்ள வீட்டைப் புதுப்பிச்சு முடிக்கணும், இல்லேன்னா டெபாசிட் போச்சு. இது போக நோட்டரி கட்டணம். அந்த ஊர்ல குடியிருக்காதவர் வாங்குற வீட்டுக்குப் பதிவு வரி பொதுவா 9 சதவீதம். வீட்டு விலை ஒரு யூரோவா இருந்தாலும் குறைஞ்சது 1,000 யூரோ கட்டியாகணும். அதாவது சரக்கு விலையைப் போல ஆயிரம் மடங்கு வரி! அதே சம்புகா 2021-ல் ரெண்டு யூரோவுக்கும், 2024-ல் மூணு யூரோவுக்கும் வீடுகளை ஏலத்துக்கு விட்டுச்சு. அஞ்சு வருஷத்துல விலை மூணு மடங்குன்னு யாராவது வீடியோ போட்டாலும் போடுவாங்க :-)

நிஜமான செலவு கூரையிலயும் சுவத்துலயும் இருக்கு. 'தி சோப்ரானோஸ்' தொடர்ல நடிச்ச லொரெய்ன் பிராக்கோ சம்புகாவுல ஒரு யூரோ வீடு வாங்கினாங்க. புதுப்பிச்சு முடிக்கிறதுக்குள்ள செலவு ரெண்டு லட்சம் டாலரைத் தாண்டிடுச்சு. அதை வச்சு ஒரு டிவி நிகழ்ச்சியும் எடுத்தாங்க, அவங்களுக்குப் பரவாயில்லை. நம்ம வீட்டுக் கொத்தனார் வேலையை எந்த டிவிக்காரன் வந்து படம் எடுக்கப் போறான்?

செலவை விடுங்க. பணம் இருக்கிறவங்க பண்ணிட்டுப் போகட்டும். என் கேள்வி வேற. ஒரு பொருள் ஏன் மலிவா இருக்கு?

மடிப்பாக்கத்துல ஒரு ஃபிளாட் பாதி விலைக்கு வந்தா நாம என்ன பண்ணுவோம்? சந்தோஷப்பட மாட்டோம், சந்தேகப்படுவோம். மூலப் பத்திரத்தைக் கேப்போம். மழைக்காலத்துல தண்ணி எவ்வளவு நிக்கும்னு பக்கத்து வீட்டுல விசாரிப்போம். அதே ஆளு இத்தாலின்னு வந்ததும் கேள்வியே கேக்காம மயங்கிடறோம். கிதார் இசை செய்யிற வேலை.

பதில் ஒண்ணும் ரகசியம் இல்லை. அங்கே ஆள் இல்லை. கிட்டத்தட்ட 5.9 கோடிப் பேர் இருக்கிற இத்தாலியில 2024-ல் பிறந்த குழந்தைகள் சுமார் 3.7 லட்சம்தான். இருக்கிற இளைஞர்களும் வேலை தேடி வடக்கே மிலனுக்கோ, ஜெர்மனிக்கோ போயிடறாங்க. இந்த ஊர்களை விட்டு அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் கப்பல் ஏறினவங்களோட பேரப்பிள்ளைகள் பேர்லயும் வீடுகள் இருக்கு. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், யாருக்கும் வந்து பார்க்க நேரமில்லை. விக்கணும்னா எல்லாரும் கையெழுத்துப் போடணும்.

எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? காரைக்குடிப் பக்கம் போனவங்களுக்குப் புரியும். பர்மா தேக்கு, ஆத்தங்குடித் தரை, முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு தெரு நீளம். ஆனா பங்காளிகள் சென்னையிலயும் சிங்கப்பூர்லயும். விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடுகள் எத்தனை! பராமரிக்க முடியாம இடிச்ச வீட்டோட தூணும் கதவும் அங்கேயே பழம்பொருள் கடைகள்ல விலைக்கு நிக்குது. அந்தத் தெருவுல ஒரு வீட்டை மலிவா தர்றேன்னு சொன்னா நம்ம நண்பர் வாங்குவாரா? "அங்க போய் யாரு இருக்கிறது"ன்னுதான் கேப்பார். சிசிலிக்காரப் பையனும் அதையேதான் கேட்டுட்டு மிலனுக்கு ரயில் ஏறினான்.

இப்ப முதல் மாங்காய்க்கு வருவோம். முதலீடுன்னா வாங்குறது பாதி, விக்கிறது மீதி. இந்த வீட்டை நம்மகிட்ட இருந்து யார் வாங்குவாங்க? உள்ளூர்ல வாங்க ஆள் இருந்திருந்தா நம்ம வரைக்கும் வந்தே இருக்காதே.

ஜப்பானைப் பாருங்க. 2023 கணக்கெடுப்புப்படி அங்கே காலியா கிடக்கிற வீடுகள் சுமார் 90 லட்சம், மொத்த வீடுகள்ல 13.8 சதவீதம். 'அகியா'ன்னு அதுக்குத் தனிப் பெயரே இருக்கு. வெளிநாட்டுக்காரங்களும் வாங்கலாம். ஆனா உள்ளூர் நிலைமை என்ன தெரியுமா? 2023 ஏப்ரல்ல அங்கே ஒரு திட்டம் வந்துச்சு. வாரிசா கிடைச்ச நிலம் வேண்டாம்னா அரசாங்கத்துக்கிட்டயே ஒப்படைக்கலாம். அதுக்கு அரசாங்கம் காசு தராது, நாமதான் கட்டணும். சாதாரணமா 2 லட்சம் யென். மேல கட்டடம் இருந்தா எடுக்க மாட்டாங்க, முதல்ல இடிச்சுத் தரணும். சொந்த அப்பா விட்டுட்டுப் போன நிலத்தைக் காசு கொடுத்துக் கைகழுவ ஆள் இருக்கிற நாட்டுல, அதே மாதிரி ஒரு வீட்டை நாம 'அசெட்'டுன்னு வாங்குறோம். சும்மா பூட்டியும் வைக்க முடியாது, வருஷா வருஷம் சொத்து வரி உண்டு. சரியா பராமரிக்காத காலி வீடுகளுக்கு, குடியிருப்பு நிலத்துக்குன்னு தர்ற வரிச் சலுகையை எடுத்துடவும் அதே 2023-ல் சட்டத்தைத் திருத்திட்டாங்க.

ரெண்டாவது மாங்கா, ரிட்டையர்மென்ட். இதுலதான் பலபேர் கோட்டை விடறாங்க. வீடு வாங்கினா அங்கே வாழுற உரிமை வராது. ரெண்டும் வேற வேற கவுன்ட்டர். இத்தாலியில பத்திரம் நம்ம பேர்ல இருந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வாங்கித்தான் போகணும். அந்தச் சுற்றுலா விசாவுல 180 நாளுக்கு 90 நாள்தான் தங்கலாம். நிரந்தரமா போய் இருக்க ஒரு விசா இருக்கு. ஆனா ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 31,000 யூரோ, வேலை செய்யாமலே வர்ற வருமானம் காட்டணும். வாடகை, பென்ஷன் மாதிரி. நம்ம பிஎஃப் தொகையை மனசுல ஒரு தடவை யூரோவா மாத்திப் பாருங்க. ஜப்பான்லயும் வீட்டுப் பத்திரத்தைக் காட்டினா விசா கிடையாது. பழைய வீட்டை வாங்கி, விடுதி நடத்தி, தொழில் விசா எடுக்கலாம்னு சில பேர் யோசிச்சாங்க. அதுக்கான முதலீட்டு வரம்பை 2025 அக்டோபர்ல 50 லட்சம் யென்ல இருந்து 3 கோடி யென்னுக்கு ஏத்திட்டாங்க. வீடு வாங்கினா வசிப்பு உரிமை அட்டைன்னு கூவின நாடுகளும் பின்வாங்குது. போர்ச்சுகல் 2023-ல் நிறுத்திடுச்சு, ஸ்பெயின் 2025 ஏப்ரல்ல நிறுத்திடுச்சு. நாம ரிட்டையர் ஆக இன்னும் முப்பது வருஷம் இருக்கு. அதுக்குள்ள எத்தனை தேர்தல், எத்தனை சட்டத் திருத்தம்!

வேடிக்கையான இன்னொரு விஷயம். இத்தாலியச் சட்டத்துல 'பரஸ்பரம்'னு ஒரு நிபந்தனை உண்டு. அங்கே வசிக்காத வெளிநாட்டுக்காரர் சொத்து வாங்கணும்னா, அவரோட நாட்டுல இத்தாலியருக்கும் அதே உரிமை இருக்கணும். இந்தியாவுல வசிக்காத வெளிநாட்டுக்காரரை நாம சாதாரணமா மனை வாங்க விடறோமா? இல்லையே. அதனால விமான டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே அங்கத்திய நோட்டரிகிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி இது. நான் பார்த்த ஒரு வீடியோவுலயும் இதைச் சொல்லலை.

நம்ம பக்கத்து விதிகளையும் சொல்லிடறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். அதுல சொத்தும் வாங்கலாம். ஆனா அதுக்கு நம்ம ஊர் வங்கி கடன் தராது. 10 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ்னு முன்னாடியே பிடிச்சுடுவாங்க. கணக்குத் தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம்னாலும், அதுவரைக்கும் பணம் முடங்கும். வருஷா வருஷம் வருமான வரிப் படிவத்துல வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில காட்டணும். மறந்தா 2015-ல் வந்த கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் அபராதம் போடலாம். நூறு ரூபாய் வீட்டைக் காட்ட மறந்ததுக்குப் பத்து லட்சம்!

அப்ப யாருமே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லலை. ஐரோப்பியக் குடியுரிமை இருக்கிறவங்க, அந்த மொழியைக் கத்துக்கிட்டு அங்கேயே போய் வாழப் போறவங்க, பழைய வீட்டைச் சரி பண்றதே சந்தோஷம்னு நினைக்கிறவங்க தாராளமா வாங்கட்டும். சம்புகாவுல, முசொமேலியில அப்படிப் போனவங்களால கொத்தனாருக்கும் தச்சருக்கும் காபிக் கடைக்கும் வேலை கிடைச்சிருக்கு. அந்த ஊர் மேயர்கள் பண்றதை நான் குறையே சொல்ல மாட்டேன். அவங்க ரொம்பத் தெளிவா இருக்காங்க. வீட்டை விக்கிறது அவங்க நோக்கம் இல்லை, அவங்களுக்கு ஆள் வேணும். பள்ளிக்கூடத்தை மூடாம இருக்க குழந்தை வேணும், கடையில சாமான் வாங்க மனுஷன் வேணும். அதுக்குத்தான் டெபாசிட்டும் மூணு வருஷக் கெடுவும். வாங்கி, பூட்டிட்டு, விலை ஏறட்டும்னு சோழிங்கநல்லூர்ல உக்காந்திருக்கிற ஆள் அவங்களுக்கு எதுக்கு? ஏற்கெனவே அர்ஜென்டினாவுல ஒரு பங்காளி அப்படித்தானே இருக்கான்?

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். வயசான காலத்துல நமக்கு என்ன வேணும்? ராத்திரி நெஞ்சு வலிச்சா ஆட்டோ பிடிச்சுத் தர பக்கத்து வீட்டுக்காரர் வேணும். வலி எங்கேன்னு நம்ம மொழியில கேக்குற டாக்டர் வேணும். நாலு நாள் வெளியே வரலைன்னா கதவைத் தட்டுற ஒரு ஆள் வேணும். அந்த மலையோர வீடு மலிவா இருக்கிறதே இதெல்லாம் அங்கே குறைஞ்சு போச்சு என்பதாலதான். மிச்சம் இருக்கிற கொஞ்சமும் இத்தாலி மொழியில இருக்கும்.

அவர் இன்னும் முழுசா ஒத்துக்கலை. "ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு முடிவு பண்றேன்"னு சொல்லியிருக்கார். நல்ல யோசனைதான். ஜூலையில போகாம ஜனவரியில போங்க, ஹோட்டல்ல தங்காம அந்தத் தெருவுலயே ஒரு மாசம் வாடகைக்கு எடுத்து இருங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு எத்தனை ஜன்னல்ல விளக்கு எரியுதுன்னு எண்ணிப் பாருங்கன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

பி.கு: யாராவது நிஜமாவே வெளிநாட்டுல இப்படி வீடு வாங்கி வாழ்ந்துக்கிட்டிருந்தா உங்க அனுபவத்தை எழுதுங்க. என்னைக் கும்மினாலும் பரவாயில்லை, செலவுக் கணக்கைப் பைசா சுத்தமா போடுங்க. நண்பருக்குக் காட்டணும் :-)