ஐயாயிரம் கிலோமீற்றர்: யார் போட்ட கணக்கு?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாந் திகதிதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். அந்த இடைவெளியில், ஓட்டித் தேய்ந்த காரை வாங்கிய விலையிலும் கூடிய விலைக்கு விற்ற வேடிக்கையைக் கண்டோம். 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி லீற்றர் கணக்கில் பெற்றோல் வாங்கிய அவலத்தையும் கண்டோம். இப்போது அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மடுல்ல, பலாங்கொடை என்று நீளும் ஏ4 வீதியிலும், கேகாலை வழியாகக் கண்டிக்கு ஏறும் ஏ1 வீதியிலும் புதுக் கார்களைப் பார்க்க முடிகிறது.

இரத்தினபுரியில் மாணிக்க வியாபாரிகள் எக்காலத்திலும் கார் வாங்கியவர்கள்தாம். அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. நான் சொல்ல வருவது மற்றவர்களை. தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், வைத்தியசாலை ஊழியர்கள், கொழும்பில் கடை வைத்துத் தலையெடுத்தவர்கள், வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள். றக்வானை, காவத்தை, நிவித்திகலை, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களின் பிள்ளைகள். கொழுந்தும் இறப்பர்ப் பாலும் சுமந்த குடும்பங்களில் இதுவே முதல் கார். சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, அவற்றுக்கு மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி, பிறகு லீசிங் வட்டி என்று அத்தனையையும் சுமந்து வாங்கிய கார்.

இவ்வளவு கொடுத்து வாங்கிய பொருளை எப்படிப் பேணுவது என்று கேட்டால், விற்றவர் தரும் விடை முன்கண்ணாடி மூலையில் ஒட்டப்பட்ட ஒரு துண்டுக் காகிதம். அடுத்த ஒயில் மாற்றம் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். ஏன் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். 5,000 என்ற எண்ணோடு எனக்குப் பகையில்லை. காரணம் சொல்ல மறுப்பதோடுதான் பகை.

காருடன் வரும் கைந்நூலைப் புரட்டிப் பாருங்கள். டொயோட்டா நிறுவனம் தன் சொந்த நாடான ஜப்பானில், டர்போ இல்லாத சாதாரண பெற்றோல் காருக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்கிறது. டர்போ பொருத்திய பெற்றோல் காருக்கு 5,000 அல்லது ஆறு மாதம். அதே நிறுவனம் அமெரிக்காவில், 0டபிள்யூ-20 செயற்கை ஒயில் ஊற்றும் கார்களுக்கு 10,000 மைல் வரை போகலாம் என்றது. அது நமது கணக்கில் 16,000 கிலோமீற்றர். இந்தியாவில் மாருதி சுசுக்கியின் பெற்றோல் கார்களுக்கு 10,000 அல்லது ஓராண்டு. கொழும்பு முகவர் சொல்லும் 5,000 எங்கிருந்து வந்தது? கனிம எண்ணெய் மட்டும் புழங்கிய காலத்தில் அமெரிக்கர்கள் 3,000 மைலுக்கு ஒரு தடவை ஒயில் மாற்றினார்கள். அந்தப் பழக்கம் கிலோமீற்றராகப் பெயர்ந்து இங்கே நிலைத்துவிட்டது என்பதே என் ஊகம்.

முகவர் கொள்ளையடிக்கிறார் என்று இந்த இடத்தில் முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் கைந்நூலில் அடுத்த பக்கம் ஒன்று உண்டு. கடுமையான பாவனை என்று தலைப்பிட்ட அட்டவணை அது. டொயோட்டாவின் ஜப்பானிய அட்டவணையில், கடுமையான பாவனைக்கு எல்லா எண்களும் பாதியாகின்றன. 15,000 என்பது 7,500 ஆகிறது, ஓராண்டு ஆறு மாதமாகிறது. டர்போ காருக்கு 2,500 கிலோமீற்றர் அல்லது மூன்று மாதம். எது கடுமையான பாவனை? ஓட்டத்தில் பெரும்பங்கு கரடுமுரடான, சரளைக்கல் பாதையில் போவது. ஏற்றமும் இறக்கமுமான மலைப்பாதையில் போவது. ஒரு தடவைக்கு எட்டுக் கிலோமீற்றருக்கும் குறைவாக ஓடி நிறுத்துவதை வழக்கமாக்கிக்கொள்வது. மெதுவாக ஊர்வது, நின்ற இடத்தில் இயந்திரத்தை ஓடவிடுவது.

இதை வாசித்தபோது சப்ரகமுவத் தோட்டப் பாதை ஒன்றைப் பார்த்து யாரோ எழுதிவைத்தது போலிருந்தது. லயத்திலிருந்து பாடசாலைக்கு நான்கு கிலோமீற்றர். பாதி தூரம் தார் கண்டு பல வருடமான தோட்டப் பாதை. இரண்டாம் கியரைத் தாண்ட முடியாத வளைவுகள்.

கிலோமீற்றர் என்ற அளவுகோலே இங்கே ஏமாற்றுகிறது. அதிவேக வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் 10,000 கிலோமீற்றரை 125 மணி நேரத்தில் முடித்துவிடும். தோட்டப் பாதையில் சராசரி 15 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் கார் 5,000 கிலோமீற்றரை முடிக்க 333 மணி நேரம் எடுக்கும். பாதித் தூரம், இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட உழைப்பு. இதைப் பழைய தோட்டத்து உழவு இயந்திரச் சாரதிகள் நன்கு அறிந்திருந்தார்கள். அவர்களுக்குக் கிலோமீற்றர் கணக்கே கிடையாது. மணிக்கணக்கைக் காட்டும் மானியைப் பார்த்துத்தான் ஒயிலை இறக்குவார்கள். எழுத்தறிவு குறைந்த ஒரு தலைமுறை சரியாகச் செய்ததை, பட்டம் பெற்ற தலைமுறை துண்டுக் காகிதத்தைப் பார்த்துச் செய்கிறது.

குறுந்தூர ஓட்டத்தில் இன்னொரு கேடும் உண்டு. இயந்திரம் நன்றாகச் சூடேறுமுன் நிறுத்தப்பட்டால், எரியும்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெற்றோலும் ஒயிலில் தங்கிவிடும். நீண்ட தூரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகிப் போகும். நான்கு கிலோமீற்றரில் அது நடவாது. ஒயிலில் கலந்திருக்கும் துப்புரவுப் பொருட்களும் அமிலத்தை முறிக்கும் சேர்மானங்களும் வேகமாகத் தீர்ந்து, நாளடைவில் கசடு படியும். ஹைபிரிட் கார்களில் இயந்திரம் அடிக்கடி தானாகவே நின்றுவிடுவதால், குறுந்தூரத்தில் சூடேறுவது இன்னும் கடினம். வருடத்தில் பெரும்பகுதி மழையில் நனையும் இரத்தினபுரியில் கார் ஓடாமல் நின்றாலும் ஒயில் மூப்படைகிறது. (களு கங்கை 2003இலும் 2017இலும் பெருகியது போலப் பெருகி, இயந்திரம் வரை வெள்ளம் ஏறிவிட்டால் எந்த அட்டவணையும் செல்லாது. சாவியைத் திருப்பாமல் ஒயில் அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் வண்டியை இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.)

ஆகவே றக்வானைத் தோட்டத்து ஆசிரியருக்கு 5,000 அல்லது ஆறு மாதம் என்பது நியாயமான கணக்கு. டர்போ பொருத்திய ஜப்பானியச் சிறுகார் வைத்திருப்பவருக்கு அதுவும் அதிகம். ஆனால் அதே காகிதம்தான் நாள்தோறும் நீண்ட தூரம் சீராக ஓடும் கொழும்புக்காரரின் கண்ணாடியிலும் ஒட்டப்படுகிறது. அவருக்கு அது வீண் செலவு. ஒருவருக்கு அநியாயம், இன்னொருவருக்குத் தற்செயலான நன்மை. இதை ஆலோசனை என்று சொல்ல மாட்டேன்.

சேர்விஸ் பற்றுச்சீட்டை வரி வரியாகப் படிப்பது நல்ல பழக்கம். இயந்திரக் கழுவல், எரிபொருள் செலுத்தி துப்புரவு, ஏதோ ஒரு போத்தல் சேர்மானம் என்று நான் கண்ட பற்றுச்சீட்டுகளில் ஒயிலின் விலைக்குக் கிட்டிய தொகை இவற்றுக்கே போயிருந்தது. ஆறு மாதமான புதுக் காருக்கு இவை எதற்கு? கைந்நூலின் பராமரிப்பு அட்டவணையில் இல்லாத எதையும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயம். என் சகோதரியின் மகன் ஒருவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர். 2025இல் புதுக் கார் வாங்கினார். ஏழாவது மாதத்தில் முன் சக்கரத்திலிருந்து உறுமல் சத்தம் வந்தது. பெயரிங் பழுது. ஒரு நாள் லீவு போட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோனார். மாலையில் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, வண்டி மூவாயிரம் கூட ஓடல. ஆறு மாசத்துல ஒயில் மாத்த வரலன்னு வொறண்டி இல்லங்கிறாங்க."

ஒயில் மாற்றத் தவறினால் இயந்திரத்துக்கான உத்தரவாதத்தை மறுப்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. சக்கரப் பெயரிங்குக்கும் இயந்திர ஒயிலுக்கும் என்ன உறவு? அவர் கையொப்பமிட்ட உத்தரவாதப் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கியவர் சிங்களத்தில் விளக்கினார். தமிழில் ஒரு வரி கூட இல்லை. மாதக் கணக்கு இருப்பதே தனக்குத் தெரியாது, கிலோமீற்றரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார் மருமகன். "எந்த வாசகத்தின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தரச்சொல்" என்றேன். எழுத்தில் கேட்டதும் அவர்களின் தொனி மாறியது. இரண்டு வாரம் கழித்து, நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லிப் பெயரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். உரிமையைச் சலுகையாக்கிக் கொடுக்கும் அந்தச் சொல்லை நான் இரசிக்கவில்லை.

உலகத்துக்கு இது புதிதல்ல. 1997 முதல் 2002 வரையான சில டொயோட்டா, லெக்ஸஸ் கார்களின் இயந்திரங்களில் ஒயில் கசடாகித் தேங்கியபோது, உரிமையாளர்கள் ஒழுங்காக ஒயில் மாற்றவில்லை என்ற பேச்சுத்தான் முதலில் எழுந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 33 இலட்சம் கார்கள் சம்பந்தப்பட்ட விவகாரம் அது. பின்னர் நிறுவனம் முதல் விற்பனையிலிருந்து எட்டாண்டு வரை பழுதைத் தன் செலவில் பார்க்க முன்வந்தது. கூட்டு வழக்கும் 2007இல் இணக்கத்தில் முடிந்தது. ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தியவர்கள் அங்கே பிழைத்துக்கொண்டார்கள். குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ வாங்கினால்தான் உத்தரவாதம் என்று நிபந்தனை போடுவதை அமெரிக்கா 1975ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கட்டுப்படுத்திவிட்டது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஓகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாவுக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதுபார்ப்பையும் தங்கள் முகவர்களுக்குள் முடக்கிவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மேன்முறையீடுகள் தொடர்ந்தன. ஆனாலும், வெளிக் கராஜில் வேலை செய்ததை மட்டும் காரணம் காட்டி உத்தரவாதத்தை ஒழிப்பது நியாயமா என்ற கேள்வி அங்கே சட்டத்தின் முன் வந்துவிட்டது.

நம்மிடமும் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றி முறையிட இடமளிக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்கப்படவேண்டும். ஆகையால் சேர்விஸில் தவறு நேர்ந்தால் ஆறப்போடாதீர்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி, தமிழிலேயே எழுதலாம்.

முகவரிடம்தான் போகவேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: உத்தரவாதக் காலம் முடியும் வரை போவதுதான் பாதுகாப்பு. அதன் பிறகு பெல்மடுல்லவிலும் கேகாலையிலும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் சிலர் புதுக் காருக்கும் பழைய நினைப்பில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறார்கள். 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 என்று கைந்நூல் கேட்கும் இயந்திரத்துக்கு அந்தத் தடித்த ஒயில் எரிபொருளைக் கூடுதலாகத் தின்னும். குளிர்ந்த இயந்திரத்தின் நுண்ணிய வழிகளில் எளிதாகச் சென்று சேராது. ஒயிலைப் பெயர்பெற்ற கடையில் முத்திரை உடையாத கொள்கலனாக வாங்கி நீங்களே கொண்டுபோங்கள். போலி ஒயிலும் சந்தையில் உண்டு. உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். காலிக் கொள்கலனையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டில் திகதி, ஓடிய கிலோமீற்றர், ஒயிலின் தரம், ஊற்றிய லீற்றர் ஆகிய நான்கும் இருக்கவேண்டும்.

முகவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அந்தத் துண்டுக் காகிதத்தோடு கைந்நூலின் அந்த அட்டவணைப் பக்கத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டுக் கொடுங்கள். ஒரு தாள்தான். வாங்குகிறவர் எந்த வீதியில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்று கேட்டு, அவருக்குரிய வரியின் கீழே பேனாவால் கோடிட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம் கூட ஆகாது.