இந்த மாடல் ஆருக்கு?

எங்கட பக்கத்துப் பாடசாலைகளில தொழினுட்பக் கண்காட்சி நடக்குது எண்டால், மேசைகளில என்ன இருக்கும் எண்டு போகாமலே சொல்லலாம். மண்ணின் ஈரத்தை அளந்து தானாகவே மோட்டரைப் போடுற நீர்ப்பாசனம் ஒன்று. யானை வந்தால் சைரன் அடிக்கிற வேலி ஒன்று. கையை நீட்டினால் மூடி திறக்கிற குப்பைத்தொட்டி ஒன்று. ஐஸ்குச்சியில கட்டின பாலம் கட்டாயம் ஒன்று. எல்லாம் ரெஜிபோம் பலகைக்கு மேல, பச்சைக் கடதாசிப் புல்லுக்கு நடுவில.

பகிடி பண்ணுறதுக்காக நாங்கள் இதை எழுதவில்லை. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் நித்திரை முழிச்ச ரெண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். ஆடுயினோ போட் வாங்க வீட்டில காசு கேட்டு, ஏச்சும் வாங்கியிருப்பார்கள். ஆனால் அவர்களிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இதை உங்களிட்ட ஆர் கேட்டது?" வாற பதில் பெரும்பாலும் "சேர்தான் செய்யச் சொன்னவர்" எண்டு இருக்கும். இல்லாட்டி "விவசாயிகளுக்கு" எண்டு இருக்கும். எந்த விவசாயி, எந்தக் கண்டத்தில வேளாண்மை செய்யிறவர், அவருக்கு இதைக் காட்டினீங்களா எண்டு கேட்டால் பேச்சு அதோட நின்றுவிடும்.

எங்கட கருத்தைச் சுருக்கமா வைக்கிறோம். "இது எனக்கு வேணாம்" எண்டு சொல்லக்கூடிய ஒரு ஆள் எதிரில இல்லாமல் செய்யிற மாடல் வடிவமைப்பு ஆகாது. அது அலங்காரம். அந்த ஆளைத்தான் பொறியியல் பாடப்புத்தகங்கள் கிளையன்ட் எண்டு சொல்லுது. சொல் புதுசா இருக்கலாம், சங்கதி எங்களுக்குப் பழசு. வாவியில மீன்பிடிக்கிற ஒருவர் ஓடாவியிட்டப் போய்த் தோணி ஒன்று வேணும் எண்டு சொன்னால், அவர் உடனே உளியைத் தூக்க மாட்டார். எத்தனை பேர் ஏறுறது, என்ன வலை, ஆழத்துக்கும் போறதா, கரையோட மட்டுமா எண்டு கேட்டு முடிச்ச பிறகுதான் பலகையைப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில நாங்கள் பலகையில இருந்து தொடங்குறோம்.

அந்த நீர்ப்பாசன மாடலையே எடுப்போம். பழுகாமத்தில இருந்து வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்யிற ஒருவருக்கு அது என்னத்துக்கு? நவகிரிக்குளத்துத் தண்ணி எப்ப திறக்கிறது எண்டு பயிர்ச்செய்கைக் கூட்டத்தில முடிவெடுக்கிறார்கள். வாய்க்காலில வாற தண்ணியை வட்டவிதானை பங்கிட்டு விடுவார். இடையில தானாகப் போட்டு நிற்பாட்ட மோட்டரே இல்லை. பெரும்போகத்தில, மழை அடிச்சு ஊத்துற கார்த்திகை மார்கழியில, தண்ணியை எப்படி வெளியில விடுறது எண்டுதான் அவர் யோசிப்பார். ஆனால் வாவியைத் தாண்டி எழுவான்கரைக்குப் போய், களுதாவளை மணலில கிணற்றுத்தண்ணி இறைச்சு மிளகாயோ வெற்றிலையோ செய்யிற ஒருவருக்கு முன்னால அதே மாடலை வைத்தால் அவர் குனிஞ்சு பார்ப்பார். விலை கேட்பார். "உப்புத்தண்ணிக்கு இந்தக் கம்பி எத்தனை நாளைக்குத் தாங்கும்?" எண்டும் கேட்பார். அந்த ஒரு கேள்விதான் மாடலை அடுத்த படிக்குக் கொண்டுபோகும். பாலத்தால வாவியைக் கடக்கிற தூரத்தில ஒரே கருவி பிழையாகவும் சரியாகவும் ஆகுது.

யானைவேலி இதைவிடப் பெரிய கதை. போரதீவுப்பற்றில யானை எண்டால் அது கண்காட்சித் தலைப்பில்லை. ராவெல்லாம் பரணில இருக்கிற ஆக்களுக்கும் யானைவெடி கையில வைச்சிருக்கிற ஆக்களுக்கும் அது உயிர்ப் பிரச்சினை. இலங்கையில மின்வேலிகள் கனகாலமாகக் காட்டுக்கும் காப்பகத்துக்கும் எல்லை எண்டு வரைபடத்தில போட்ட கோட்டில கட்டப்பட்டு வந்தன. யானைகள் அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருந்தன. வேலி விழுந்தால் திணைக்களத்து ஆள் வரவேணும். யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரோட வேலை செய்தவர்களும் வேறு வழியை முன்வைத்தார்கள். வேலியை ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுவது. வயல்வேலியை விதைக்கிறதுக்கு முன்னால விவசாயிகளே நட்டு, அறுவடை முடிஞ்சதும் கழற்றி வைப்பது. பராமரிப்பும் அவர்கள் கையில. கம்பி அதேதான், மின்சாரமும் அதேதான். வேலி ஆருடையது எண்ட பதில் மாறினதும் அது நிற்கிற இடம் மாறினது. கழற்றிப் பூட்ட லேசான கட்டை தேவைப்பட்டது. இதில எங்களுக்குப் பிடிச்ச சங்கதி, இந்த மாற்றத்துக்கு எந்தப் புது சென்சரும் தேவைப்படவில்லை எண்டதுதான்.

எங்கட சைரன் மாடலை ஒரு கண்காட்சியில வயசான ஐயா ஒருவர் கனநேரம் பார்த்துக்கொண்டு நிண்டார். பிறகு கேட்டார்: "தம்பி, மாடு வந்தாலும் இது கத்துமா?" கத்தும் எண்டார்கள். "அப்ப மூணாம் நாள் நான் இதை எழும்பிப் பாக்க மாட்டன் மனே." நடுவர்களின் புள்ளித்தாளில இந்த வசனத்துக்கு இடமே இல்லை. அந்தக் கண்காட்சியில சொல்லப்பட்ட மிகச்சிறந்த பொறியியல் விமர்சனம் அதுதான் எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

மாணவர்களால இதெல்லாம் முடியுமா எண்டு கேட்பவர்களுக்கு ரெண்டு கதை சொல்லலாம்.

2007இல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில ஒரு பாடத்துக்கான ஒப்படையாக, குறைமாதக் குழந்தைகளுக்கு மலிவான இன்கியூபேற்றர் ஒன்று வடிவமைக்கச் சொன்னார்கள். குழுவில ஒருவர் நேபாளத்துக்குப் போனார். அங்கே ஆஸ்பத்திரியில இன்கியூபேற்றர்கள் சும்மா கிடந்தன. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முடியாத கிராமங்களில பிறந்துகொண்டிருந்தன. அப்ப தங்கட கிளையன்ட் ஆஸ்பத்திரி இல்லை, மின்சாரம் இல்லாத வீட்டில இருக்கிற தாய் எண்டு குழுவுக்கு விளங்கினது. கடைசியில வந்தது இன்கியூபேற்றர் மாதிரியே இல்லாத ஒன்று: குழந்தையைச் சுற்றிப் போடுற சின்ன உறை, அதுக்குள்ள உருக்கி வைத்தால் மணிக்கணக்கில 37 பாகை வெப்பத்தைப் பிடிச்சு வைக்கிற மெழுகுப் பொதி. எம்பிரேஸ் எண்டு பெயர். இந்தியாவில தாய்மாரிட்டக் காட்டினபோது இன்னொரு பாடமும் கிடைத்தது. டொக்டர் தாற மருந்து எப்பவும் கூட எண்டு நினைச்சுப் பாதிதான் குடுப்பேன் எண்டார் ஒரு தாய்; 37 எண்டு போட்டிருந்தால் பிள்ளைக்குச் சூடு கூடிப்போகும் எண்டு பயந்து அதையும் குறைச்சுத்தான் வைப்பாராம். எண்ணை எடுத்துவிட்டு, சரியான சூடு வந்ததும் 'சரி' எண்டு மட்டும் காட்டுற அடையாளத்தை வைத்தார்கள். ஆய்வுகூடத்துக்குள்ள இருந்து இதை ஆரும் கண்டுபிடிச்சிருக்க ஏலாது.

மற்றது சென்னையில நடந்தது. ஐஐடி மெட்ராஸில பேராசிரியர் பிரபு ராஜகோபாலின் வழிகாட்டலில ஒரு முதுகலை மாணவரின் இறுதியாண்டுப் புரொஜெக்டாகத் தொடங்கினது ஹோமோசெப் எண்ட இயந்திரம். மலக்குழிக்குள்ள மனிதர் இறங்காமல் அதைத் துப்புரவாக்குவதுதான் நோக்கம். குழியின் அடியில இறுகிக் கிடக்கிற கழிவு சாதாரணமா உறிஞ்சினால் வராது. அதுக்காகத்தான் ஆளை இறக்குகிறார்கள், அங்கேதான் நச்சுவாயுவில சாகிறார்கள். ஹோமோசெப் சின்ன வாயால உள்ளே போய், சுழலும் தகடுகளால அந்த இறுகலைக் கலக்கிக் கரைச்ச பிறகு உறிஞ்சும். இந்த வேலையைச் செய்தவர்களோட ஒரு சொல்லும் பேசாத ஒருவர் இன்னும் பெரிய பம்ப் ஒன்றைத்தான் செய்திருப்பார். துப்புரவுத் தொழிலாளருக்காகப் போராடுகிற சஃபாய் கரம்சாரி அந்தோலன் இதில கூட வேலை செய்தது. 2022இல இயந்திரங்கள் போனது குழியில கணவனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்துகிற சுயஉதவிக் குழுக்களுக்கு. புரொஜெக்ட் ஒன்றுக்கு இதைவிடக் கண்டிப்பான பரிசோதகர் இருக்க ஏலுமா?

அதே சென்னையிலதான் இறுதியாண்டுப் புரொஜெக்டைக் காசுக்குச் செய்து குடுக்கிறது தனி வியாபாரமாகவே நடக்குது. எங்கட நாட்டிலும் அப்படி விளம்பரங்கள் வருது. கிளையன்ட் இல்லாத புரொஜெக்டைத்தான் கடையில வாங்கலாம். களுதாவளைக் கிணற்றுக்காரர் போன கிழமை சொன்ன குறையைத் திருத்திக்கொண்டு வா எண்டால், எந்தக் கடைக்காரரும் அதை விற்க மாட்டார்.

மாடலின் அளவு பற்றியும் ஒன்று சொல்லவேணும், ஏனெண்டால் ஐஸ்குச்சிப் பாலம் எல்லாரையும் ஏமாற்றுது. தன்ர நிறையைவிடப் பல மடங்கு சுமக்கிற பாலத்தைப் பார்த்துக் கைதட்டுறோம். அதையே எல்லாப் பக்கமும் 10 மடங்கு பெருப்பிச்சால் குறுக்குவெட்டு 100 மடங்குதான் கூடும், நிறையோ 1000 மடங்கு கூடும். சின்னதில நிண்டது பெரிசில தன்ர பாரத்திலேயே முறியலாம். மண்முனையில 2014இல பாலம் திறக்கும்வரை பாதையில ஏறி வாவியைக் கடந்த ஊர்கள் இது. பாலம் எண்டால் என்ன எண்டு எங்கட சனத்துக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. அதனால முழுப்பொருளையும் பொம்மையாச் செய்யிறதைவிட, அதில ஒரு பகுதியை உண்மையான அளவில செய்யிறது நல்லம். ஒரு கைபிடி, ஒரு மூட்டு, ஒரு பூட்டு. கிளையன்ட் அதைக் கையில பிடிச்சுப் பார்க்கலாம். பொம்மை வயலை ஆரும் பிடிச்சுப் பார்க்க மாட்டார்கள்.

இங்க ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. படுவான்கரைச் சனத்திட்ட "உங்களுக்கு என்ன தேவை?" எண்டு கேட்டுப் போனவர்கள் ஏராளம். சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் கேள்விக்கொத்தோட வந்தார்கள், படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். கனபேர் திரும்பி வரவே இல்லை. இப்ப ஒரு மாணவக் குழு கொப்பியோட போய் நிண்டால், "இதுவும் அதுதானா?" எண்டு பார்க்கிறதில பிழை இல்லை. திரும்பிப் போக மனம் இல்லாதவர்கள் முதல் தடவையும் போகாமல் இருப்பது நல்லம்.

கிளையன்ட் சொல்வதெல்லாம் வேதமும் இல்லை. அவர் சைரன் கேட்பார். தோண்டிப் பார்த்தால் அவருக்கு ராவில ரெண்டு மணித்தியால நித்திரைதான் தேவையா இருக்கும். கேட்டதுக்கும் தேவைக்கும் இடையில இருக்கிற இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கிறதுதான் படிப்பு.

2013இல உயர்தரத்தில தொழினுட்பப் பிரிவு தொடங்கினபோது, கையால செய்து படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வழி திறந்தது எண்டு எல்லாரும் சந்தோசப்பட்டோம். அந்த வழி மேசையோட முடியக் கூடாது. ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டத்தை முடிக்கிறதே பெரும்பாடு எண்டு எங்களுக்குத் தெரியும். எண்டாலும் ரெண்டு மாற்றம் செலவில்லாமல் செய்யலாம். நடுவர் குழுவில அந்தக் கருவியைப் பாவிக்கப்போற ஒருவரை இருத்துங்கள். அவர் வேண்டாம் எண்டு சொன்ன முதல் மாடலையும், பிறகு செய்த ரெண்டாவதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சால் அதுக்குப் புள்ளி குடுங்கள். அடுத்தது, ஒரு வகுப்புத் தொடங்கினதை அடுத்த வகுப்பிட்டக் கையளியுங்கள். அமெரிக்காவில பேர்டியூ பல்கலைக்கழகத்தில 1995இல தொடங்கின எபிக்ஸ் எண்ட திட்டம் இப்படித்தான் ஓடுது. உள்ளூர் அமைப்பு ஒன்றுக்கு வேலை செய்யிற குழுவில முதலாம் ஆண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் சேர்ந்து இருப்பார்கள். ஆக்கள் மாறினாலும் கிளையன்ட் மாறுவதில்லை. எங்கட ஊரில ஒரு தவணைக்குள்ள தொடங்கி, முடிச்சு, பரிசும் வாங்கி, களஞ்சிய அறையில போட்டுப் பூட்டிவிடுகிறோம்.

எங்க தொடங்குறது எண்டு கேட்டால், பெரும்போக அறுவடைக் காலத்தில ரோட்டுக்குப் போங்கள். தார் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். மெசினால வெட்டின நெல் ஈரமா வரும்; நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதன் கேட்கும்; மழை எப்ப வரும் எண்டு தெரியாது. காய்ஞ்சுதா எண்டு நெல்லை வாயில போட்டுக் கடிச்சுப் பார்க்கிறார்கள். வியாபாரி வந்து "இது ஈரம்" எண்டு விலையைக் குறைச்சால், இல்லை எண்டு காட்ட விவசாயியிட்டக் கருவி ஏதும் கிடையாது. மண்ணின் ஈரத்தை அளக்கத் தெரிஞ்ச அதே பிள்ளைகள் நெல்லின் ஈரத்தையும் அளக்கப் பழகலாம். தானியத்தின் ஈரம் மாறினால் அதன் மின்கொள்ளளவு மாறும். கடையில விற்கிற ஈரமானிகளில பலது அதை வைச்சுத்தான் வேலை செய்யுது. செய்த கருவி சரியா எண்டு பார்க்க, ஒரு பிடி நெல்லை நிறுத்து, ஆய்வுகூட அவணில நன்றாகக் காயவைத்து, திரும்ப நிறுத்தால் போதும். தராசு பாடசாலையில இருக்கு.

முதல் நாள் போகும்போது கையில மாடல் ஒன்றும் கொண்டுபோக வேண்டாம். நெல்லைக் கிளற ஒரு ஆள் குறைவா இருக்கும். கொஞ்சநேரம் கூட நிண்டு கிளறுங்கள், பிறகு கேளுங்கள்.