வந்தேறிகளும் வாசல் திறந்தவர்களும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றது. மூன்றாம் நாள் வடிந்த பிறகு பார்த்தால், சமையல் மேடைக்கு அடியில் ஒரு தண்ணீர்ப் பாம்பு சுருண்டு கிடந்தது. நஞ்சற்றது, எங்களைவிட அதிகமாகப் பயந்திருந்தது. எதிர்வீட்டு நண்பர் கழியோடு ஓடிவந்தார். "தண்ணி படையெடுத்தது போதாதுன்னு இதுங்களும் படையெடுக்க ஆரம்பிச்சிருச்சு சார்" என்றார். பாம்பைச் சாக்கில் பிடித்து ஏரிக்கரையில் விட்டுவந்தோம். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் என்னால் எங்கும் கொண்டுபோய் விட முடியவில்லை.

படையெடுப்பு என்ற சொல் நம் நாவில் எத்தனை எளிதாகப் புரள்கிறது! கொசு படையெடுக்கிறது, வெட்டுக்கிளி படையெடுக்கிறது, ஆகாயத்தாமரை ஏரியின்மீது படையெடுக்கிறது, ஆங்கிலம் தமிழின்மீது படையெடுக்கிறது, வடமாநிலத்தார் சென்னையின்மீது படையெடுக்கிறார்கள். இவை யாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கும்போது, வந்தவன் மட்டும் கண்ணில் படுகிறான். வாசலைத் திறந்துவிட்டவன் சத்தமில்லாமல் கூட்டத்தில் கலந்துவிடுகிறான். இச்சொல்லின்மீது எனக்குள்ள புகார் அதுதான்.

*

முதலில் சொல்லையே பார்ப்போம். படையை எடுப்பதற்கு ஒருவன் வேண்டும். அவனுக்கு ஒரு நோக்கம் வேண்டும். 1311இல் மாலிக் காபூர் மதுரைவரை வந்தது படையெடுப்பு, ஐயமில்லை. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியதும் அதே பொருளில் படையெடுப்புதான். ஆனால் நம் மேடைப் பேச்சுகளில் முன்னது படையெடுப்பு, பின்னது வெற்றி. 'கடாரம் கொண்டான்' என்கிறோம். கொண்டவனிடம் ஒரு சொல் இருக்கிறது, இழந்தவனிடம் வேறொரு சொல் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் படை அநுராதபுரத்தை அழித்ததைச் சிங்களவர்கள் 'வெற்றி' என்று நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன், முதலாம் பராந்தகன் 'மதிரை கொண்ட' என்று பட்டம் சூடிக்கொண்டபோது கொள்ளப்பட்டது தமிழ் மதுரை. இழந்தவன் தமிழ்ப் பாண்டியன்.

வரலாற்றிலேயே இத்தனை ஒருபக்கமாகப் புழங்கும் சொல்லை இயற்கைக்குப் பெயர்த்தால் என்ன ஆகும்? சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேயச் சூழலியலாளர், தாவரங்களும் விலங்குகளும் நிகழ்த்தும் படையெடுப்புகளைப் பற்றி 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகப்போரின் நினைவு ஆறாத காலம் அது. போர்க்களத்தின் மொழி அறிவியலுக்குள் இயல்பாக வந்து அமர்ந்தது. அதிலிருந்து ஒரு துறையே கிளைத்தது. 2011இல் மார்க் டேவிஸும் பதினெட்டுச் சூழலியலாளர்களும் 'நேச்சர்' இதழில், உயிரினங்களைப் பிறந்த இடத்தை வைத்து மதிப்பிடாதீர்கள் என்று எழுதினார்கள். டேனியல் சிம்பர்லாஃப் தலைமையில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் எழுந்து மறுத்தார்கள்: பிறப்பிடத்தை வைத்து யாரும் ஒதுக்கவில்லை, அயலிலிருந்து வந்தவை விளைவிக்கும் கேடு உண்மையானது என்றார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என் கேள்வி வேறு. கேடு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அதைச் செய்தது யார்?

*

ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்வோம். அது தென்னமெரிக்கச் செடி. அதன் ஊதாப் பூவின் அழகுக்காகத் தோட்டங்களிலும் குளங்களிலும் வளர்க்க மனிதர்கள்தான் அதை நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்து ஏரிகளில் அது இன்று பச்சைப் பாய் விரித்துக் கிடப்பதற்குக் காரணம் அதன் போர்க்குணம் அல்ல. நாம் விடும் சாக்கடைநீரின் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அதற்குச் சோறு. செடியை எந்திரம் வைத்து அள்ளிவிட்டுச் சாக்கடையை அப்படியே விட்டுவைத்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் வந்து நிற்கிறது. அது எதிரி அல்ல. நம் கழிவறைக் குழாய்கள் எங்கே போய் முடிகின்றன என்பதற்குச் சாட்சி.

சீமைக்கருவேலத்தின் கதையும் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளையர் அரசு அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பிறகு தரிசைப் பசுமையாக்கவும் ஏழைகளின் அடுப்பெரிக்கவும் அரசே விதை தூவிப் பரப்பியது. பின்னொரு நாள் அதே அரசு அதை வேரோடு பிடுங்கக் கிளம்பியது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி மாவட்டந்தோறும் பிடுங்கினார்கள். 2022இல் அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியாயிற்று. பிடுங்குவதை நான் எதிர்க்கவில்லை. விதைத்த கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் ஆதங்கம்.

இங்கே தமிழின் பழைய வழக்கம் எனக்கு வியப்பளிக்கிறது. சீமைக்கருவேலம், சீமையகத்தி, சீமைச்சுண்ணாம்பு, சீமையெண்ணெய். 'சீமை' என்றால் வெளியிலிருந்து வந்தது, அவ்வளவுதான். அதில் குற்றச்சாட்டு இல்லை. அதே கருவேலத்துக்கு எங்கள் பக்கத்துக் கிராமத்தார் வைத்த பெயர் வேலிகாத்தான். எங்கிருந்து வந்தாய் என்று கேட்காமல் என்ன செய்கிறாய் என்று கேட்டவர்கள் வைத்த பெயர் அது. அமெரிக்காவிலிருந்து வந்த காய்க்கு மிளகின் பெயரைக் கொடுத்து மிளகாய் என்று வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டவர்களும் அவர்களே. அந்த மொழியறிவு நமக்கு எங்கே தொலைந்தது?

*

எங்கள் ஊர்ப் பெயரே ஒரு சீமைப் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் பல்லாவரத்தை ஒட்டி நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் வந்தது குரோம்பேட்டை. தோல் பதனிடும் குரோமிய உப்பின் பெயரை ஊருக்கே சூட்டிக்கொண்ட மக்கள் நாங்கள். அந்தத் தொழில் பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்டது. கூடவே பல்லாவரம், நாகல்கேணி, குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் ஆலைக் கழிவு மண்ணில் இறங்கி நிலத்தடிநீரையும் கெடுத்தது. கிணறு கிணறாக, தலைமுறை தலைமுறையாக ஒன்று உள்ளே புகுந்தது. அதைப் படையெடுப்பு என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதற்கு 'மாசு' என்ற எழுவாயில்லாத சொல் போதுமாயிருந்தது. பாம்பு நுழைந்தால் படையெடுப்பு, குரோமியம் நுழைந்தால் மாசு!

ஆக்கிரமிப்பு என்ற சொல்லுக்கும் இதே ஓரவஞ்சனை உண்டு. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் தமிழகத்தில் சட்டம் வந்தது, நல்ல சட்டம். ஆனால் சென்னையின் வரைபடத்தைச் சற்று விரித்துப் பாருங்கள். தியாகராய நகர், 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்டது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். எங்கள் பக்கத்து ஏரிகளின் மிகைநீரெல்லாம் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனமும் வளாகம் அமைத்திருக்கின்றன. பெருங்குடியில் மாநகரத்தின் குப்பை மலையாயிற்று. 2022இல் ராம்சார் தகுதி பெற்ற சதுப்பு அது. இவற்றுக்கெல்லாம் 'வளர்ச்சி' என்று பெயர். ஆக்கிரமிப்பு என்ற சொல் குடிசையின் உயரத்துக்குத்தான் குனிகிறது.

இதன் உச்சம் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை, நீர்வழியை ஆக்கிரமித்தவர்கள் என்று சொல்லி, அரசு பெயர்த்தெடுத்தது. குடியமர்த்திய இடம் எது? அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பு. பெருமழை பெய்தால் அங்கேயும் நீர் நிற்கிறது. ஆற்றை ஆக்கிரமித்த குற்றத்துக்குச் சதுப்பை ஆக்கிரமிக்கும் தண்டனை! பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பெண்கள் வேலைசெய்த வீடுகளும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன. இவர்களுடைய வாழ்க்கைக்குள் புகுந்ததை எந்தச் சொல்லால் அழைப்பது?

*

கடைசியாக மனிதர்கள். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்தின் இருமருங்கிலும் வீடு கட்டி உட்கார்ந்தவர்கள்தாம் நாங்கள் எல்லோரும். என் தெருவில் தஞ்சாவூர்க்காரர் உண்டு, திருநெல்வேலிக்காரர் உண்டு, பாலக்காட்டுக்காரர் உண்டு. குரோம்பேட்டையே பூர்வீகம் என்பவர் ஒருவரும் இல்லை. அந்தத் தெருவில்தான் பிகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்களைக் கண்டால் 'வந்தேறிகள்' என்கிறோம். அவர்களைக் கூலி குறைவென்று அழைத்துவந்தது ஒப்பந்ததாரர். அதன் ஆதாயத்தில் கட்டி முடித்த அடுக்ககத்தில் குடியேறியது நாம். 2023 மார்ச்சில் அத்தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. பொய் என்று அரசு உடனே மறுத்தது, உண்மை. ஆனால் பலர் அஞ்சி ஊர் திரும்பினார்கள். பொய் சட்டென்று பற்றிக்கொள்ள வேண்டுமானால் பேச்சில் சருகு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். அந்தச் சருகில் நாம் போட்டது எவ்வளவு?

அப்படியானால் படையெடுப்பே உலகில் இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது. எடுத்தவன் இருக்கும் இடத்தில் அச்சொல்லைத் தயங்காமல் சொல்வோம். அவன் நம் மன்னனாக இருந்தாலும், நம் அரசாக இருந்தாலும். நோக்கமில்லாத செடிக்கும் நீருக்கும், அழைக்கப்பட்டு வந்த கூலிக்காரனுக்கும் அதைச் சூட்டுவதுதான் பிழை.

நான் விலக்கல்ல. வெள்ளம் வடிந்த மறுநாள் மொட்டைமாடியில் நனைந்த காகிதங்களைக் காயவைத்தபோது, அப்பா 1983இல் இந்த மனையை வாங்கிய பத்திரத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். நான்கெல்லை விவரத்தில், 'கிழக்கே ஏரி மிகைநீர்க் கால்வாய்' என்றிருந்தது. எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இப்போது இருப்பது சிமெண்டுச் சாலை. அதற்கப்பால் எதிர்வீட்டு நண்பரின் வீடு.

பத்திரத்தை அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அந்தப் பாம்பு..." என்று தொடங்கியவர், வாக்கியத்தை முடிக்கவில்லை.