கையில் இருக்கும் ஆட்டம்

கெடா சூப்பர் லீக்கில் ஆடிய காலத்தில், பட்டியலில் அது கொஞ்சம் கீழே இறங்கினால் போதும், சுங்கை பட்டாணி ஒட்டுக்கடைகளில் ஒரு வாக்கியம் கேட்டது: "நமக்கு இன்னும் ஒரு ஆட்டம் கையில இருக்கு." ஆறுதலுக்குச் சொல்வதுபோல இருந்தாலும் கணக்குப்படி அது சரியான வாதம். நாளிதழில் வரும் பட்டியல்தான் அதைக் காட்டுவதில்லை.

இங்கிலாந்தின் மூன்றாம் நிலையான லீக் ஒன், கோவிட் காரணமாக 2020 மார்ச்சில் நின்றபோது பீட்டர்பரோ, சண்டர்லாண்ட், வைகோம்ப் மூன்றுமே 59 புள்ளிகள். பட்டியலில் 6, 7, 8ஆவது இடங்கள். ஆனால் பீட்டர்பரோ 35 ஆட்டம் ஆடியிருந்தது, சண்டர்லாண்ட் 36, வைகோம்ப் 34 மட்டுமே. மீதி ஆட்டங்களைக் கைவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரியைப் போட்டார்கள். வைகோம்ப் 1.74 என்று மூன்றாம் இடத்துக்குத் தாவியது. 1.69 எடுத்த பீட்டர்பரோ ஏழாவது. முதல் இரண்டு குழுக்கள் நேராக மேலே போக, அடுத்த நான்குக்குத்தான் தகுதிச் சுற்று. அதில் நுழைந்த வைகோம்ப், வெம்ப்ளியில் ஆக்ஸ்போர்டை 2-1 என வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் நிலைக்கு ஏறியது. பீட்டர்பரோவின் பருவம் ஒரு வகுத்தல் கணக்கில் முடிந்துபோனது.

எங்கள் பக்கத்துத் தோட்டக் குழுக்களின் ஞாயிறு லீக்கிலும் இதே தலைவலிதான். மழையில் திடல் சேறாகும், கோயில் திருவிழா வரும், பாதிப் பேருக்கு ஷிப்ட் விழும். ஆட்டம் தள்ளிப்போகலாம், ஆனால் ஞாயிறு இரவு வாட்சாப்பில் பட்டியல் வந்தாக வேண்டும். அதைப் போடுவது நான். போட்டவுடன் வரும்: "அண்ணே, நாங்க ரெண்டு ஆட்டம் கம்மி. எங்கள எப்படிக் கீழ போட்டீங்க?"

அதனால் இப்போது எண்களோடு ஒரு படமும் போடுகிறேன். குழுவுக்கு ஒரு கிடைக்கோடு. இதுவரை எடுத்த புள்ளி வரை அடர் பச்சை. மீதி ஆட்டங்களை எல்லாம் வென்றால் எட்டக்கூடிய புள்ளி வரை வெளிர் பச்சை. பத்துக் குழு, ஆளுக்கு ஒன்பது ஆட்டம் என்றால் உச்சம் 27. ஆறு ஆடி 12 எடுத்த குழு 21 வரைதான் போகலாம். நான்கு ஆடி 10 எடுத்த குழு 25 வரை போகலாம். முதல் குழு ஏற்கெனவே ஆறு புள்ளியைத் தொலைத்துவிட்டது, இரண்டாவது குழு இரண்டைத்தான். வழக்கமான பட்டியலில் முதல் குழு மேலே இருக்கும். படத்தில் யார் முன்னால் என்று சின்னப் பையனும் சொல்லிவிடுவான்.

சராசரியை மட்டும் நம்பிவிட முடியாது. முதல் வாரம் ஒரே ஆட்டம் ஆடி வென்ற குழுவின் சராசரி 3. அதை வைத்துக் கோப்பை கொடுக்க முடியுமா? பாதி ஆட்டங்களாவது முடியட்டும். தவிர, வெளிர் பச்சை என்பது வாய்ப்புதான், யாரும் எழுதிக் கொடுத்த புள்ளியல்ல. அதைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் போனது.

நம் நாட்டில் 2020இல் வேறு வழி எடுத்தார்கள். மார்ச்சில் நின்ற சூப்பர் லீக், ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. சராசரி எதுவும் இல்லை. 12 குழுக்களும் ஒன்றையொன்று ஒரே முறை சந்திக்கும், ஆளுக்குப் 11 ஆட்டம். எண்ணிக்கை சமம், எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆனால் 11ஐ உள்ளூர், வெளியூர் என்று சரிபாதியாகப் பிரிக்க முடியாதே! ஜொகூர் வாகை சூடியது, கெடா இரண்டாம் இடம். இருவரும் மோதிய ஒரே லீக் ஆட்டம் பிப்ரவரியிலேயே ஜொகூரில் முடிந்திருந்தது, 1-0. திருப்பி விளையாட அலோர் ஸ்டார் டாருல் அமான் அரங்குக்கு அந்தப் பருவம் ஜொகூர் வரவே இல்லை.