சீட்டில்லாமல் போடப்படும் ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

காய்ச்சலென்று வருகிற ஏழை ஜனங்களுக்கு, வைத்தியர் எவரும் கண்கொண்டு பாராமலே, செஃப்ட்ரியாக்சோன் என்னும் உயர்தர ஆன்டிபயாடிக் ஊசியைச் சில மருந்துக்கடைகளின் திரைமறைவில் யதேச்சையாகப் போட்டு அனுப்பும் வழக்கம் எங்கள் பகுதியில் வேரூன்றிவிட்டதைக் கண்டித்து இதை எழுதுகிறேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இம்மருந்தின் மகிமையையும் அபாயத்தையும் அறிந்திருந்தும் வாளாவிருப்பது தர்மமாகாது என்று கருதுகிறேன்.

அண்மையில் பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் நேரில் கண்டதைச் சொல்கிறேன். நடவு வேலையிலிருந்து சேறு காயாத காலோடு வந்த ஒரு தாய், துவண்டு கிடந்த தன் மகனைப் பெஞ்சில் உட்கார வைத்ததும், கடைப் பையன் ஒரு கிராம் குப்பியில் நீரை ஏற்றிக் குலுக்கி, வெண்பொடி முற்றும் கரைவதற்குக்கூடக் காத்திராமல், இரண்டு முதல் நான்கு நிமிஷம் வரை நிதானமாகச் செலுத்தவேண்டிய மருந்தைச் சிறுவனின் ரத்தக்குழாயில் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, "நாளைக்கு இன்னொண்ணு போட்டுட்டா சரியாப் போயிடும்க்கா" என்றான். பென்சிலின் இனத்து மருந்து எதுவும் முன்பு ஒவ்வாமற் போனதுண்டா என்று கேட்கவில்லை. பையனின் எடையையும் பார்க்கவில்லை. நான் ஆட்சேபித்தபோது, "எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார்" என்ற பதிலே கிடைத்தது.

ஒவ்வாமையால் மூச்சடைத்து ரத்த அழுத்தம் வீழ்ந்துவிட்டால், தொடைத் தசையில் உடனே போடவேண்டிய அட்ரினலின் ஆம்பியூல் ஒன்று கைவசம் இராத இடத்தில், ஊசி போட்டபின் அரைமணி நேரமாவது நோயாளியை உட்கார வைத்துக் கவனிக்கும் வழக்கமும் இல்லாத இடத்தில், இம்மருந்தைத் தொடுவதே பிராணாபாயத்தை வருந்தி அழைப்பதாகும். இடுப்புத் தசையில் போடும்போது வலி தெரியாதிருக்க லிக்னோகெயினில் கரைத்த மருந்தை ஒருபோதும் ரத்தக்குழாயில் ஏற்றலாகாது. கால்சியம் அடங்கிய ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸோடு கலந்தால் இது படிவாகத் திரளும். அவ்விதப் படிவு நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் சேர்ந்து பச்சிளஞ் சிசுக்கள் மாண்டதுண்டு. இவற்றையெல்லாம் கடைப் பையன் எங்கே கற்றான்?

அதோடு, டெங்கு முதலிய வைரஸ் காய்ச்சல்களில் இம்மருந்துக்குக் கிஞ்சித்தும் வேலையில்லை. டைபாய்டாக இருந்தாலோ, பத்து முதல் பதினான்கு நாள் வரை போடவேண்டியதை இரண்டு நாளோடு நிறுத்துவதால் வியாதி பதுங்குமேயன்றித் தீராது. பிற்பாடு ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பரீட்சிக்கும்போதும், அரைகுறைச் சிகிச்சையின் காரணமாக அது தட்டுப்படாமற் போகக்கூடும். அரைகுறை உபயோகத்தால் வேறோர் அபாயமும் உண்டு: பென்சிலின் கடைகளில் எவரும் வாங்கத்தக்கதாகும் காலம் வரலாம் என்றும், அறியாதவர்கள் குறைந்த அளவில் உபயோகித்துக் கிருமிகளை அதற்குப் பழக்கிவிடுவார்கள் என்றும், பென்சிலினைக் கண்ட ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார்.

சட்டம் இல்லையென்று சொல்லமுடியாது. 2012-இல் நம் சென்னையிலேயே மருத்துவ சங்கங்கள் கூடி, கிருமிகள் ஆன்டிபயாடிக்குகளுக்குப் பழகுவதைத் தடுக்கச் 'சென்னைப் பிரகடனம்' செய்தன. 2014 மார்ச் 1 முதல் செஃப்ட்ரியாக்சோன், சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் அட்டவணை எச்1-இல் அடங்கியது. சீட்டெழுதிய வைத்தியர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிக் குறிப்பேட்டில் பதிந்து மூன்று வருஷம் பாதுகாக்கவேண்டும் என்பது விதி. குப்பியின் மேல் சிவப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை இருக்கிறது. குறிப்பேடு எங்கே என்று கேட்பார்தான் இல்லை.

அந்தத் தாயைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து அவள் ஊர் திரும்பும் வேளையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியர் இருப்பதில்லை; பகலில் போனாலோ அன்றைய கூலி போய்விடும். ஆகவே, கடைகளைக் கண்டிப்பதோடு நில்லாமல், மாலை வேளையிலும் வைத்தியர் இருக்க ஏற்பாடு செய்வது சர்க்காரின் கடமை.

மொத்த வியாபாரிகளின் பில்களையும் கடைகளின் எச்1 குறிப்பேட்டையும் மருந்து ஆய்வாளர்கள் ஒருங்கே வைத்து ஒப்பிட்டால், எத்தனை குப்பிகள் சீட்டின்றிப் போயின என்பது வெளிப்பட்டுவிடும். அந்தப் பரிசோதனையைத் தாலுகாதோறும் நடத்தி, முடிவைப் பத்திரிகைகளில் பிரசுரிக்கவும், உரிமத்தை ரத்து செய்யவேண்டிய கடைகளின் உரிமத்தைத் தயவு தாட்சண்யமின்றி ரத்து செய்யவும் வேண்டுமென்று தங்கள் பத்திரிகையின் வாயிலாக வற்புறுத்துகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருவாரூர் மாவட்டம்