கையுறை கழன்றது!

"உயிர் ஊசலாடுகிறது, நீ குப்பையை எண்ணுகிறாயே!"

தீவிர சிகிச்சைப் பிரிவிலே சுற்றுச்சூழல் பற்றிப் பேசுவோரைப் பார்த்துச் சிலர் இப்படிச் சீறுகிறார்கள். சீற்றத்திலே நியாயம் இல்லாமலில்லை. நோயாளியின் மூச்சுக் குழாயிலே கைவைத்துத்தான் மண்ணைக் காக்கவேண்டுமென்றால், அந்தக் காப்பு நமக்கு வேண்டவே வேண்டாம்!

ஆனால், தோழர்களே! இலண்டன் மாநகரிலே, கிரேட் ஆர்மண்ட் தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனையிலே நடந்ததைக் கேளுங்கள்.

2018ஆம் ஆண்டு. அங்குள்ள செவிலியர் தம் கைகளையே உற்றுப் பார்த்தனர். எதற்கெடுத்தாலும் கையுறை! வாய்வழி மருந்து புகட்டக் கையுறை. கட்டிலை நகர்த்தக் கையுறை! உறைக்குள்ளே புழுங்கித் தோல் வெடித்த கைகள் வேறு. "உறை போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்ற எண்ணம் புகுந்த இடத்திலே, கை கழுவும் வழக்கம் தேய்கிறது. கட்டிலைத் தொட்ட உறை, குழந்தையையும் தொடுகிறது. கவசமா அது? கிருமி ஏறிவரும் பல்லக்கு!

இரத்தம் படுமிடத்திலே, உடற்கழிவு படுமிடத்திலே, நச்சு மருந்தைக் கையாளுமிடத்திலே உறை இருக்கட்டும். ஏனைய இடங்களிலே கையைக் கழுவுவோம் என்றனர். அவ்வளவுதான் அவர்கள் கண்ட இயக்கம்! ஓராண்டிலே 21 டன் பிளாஸ்டிக் குறைந்தது. ஏறத்தாழ 90,000 பவுன் மிச்சமாயிற்று. பெட்ரோலியத்திலே பிறந்து, பெரும்பாலும் மலேசிய ஆலைகளிலே உருப்பெற்று, கடல் கடந்து வந்து, சில நிமிடம் மட்டுமே வாழ்ந்து குப்பைக்குப் போகும் பொருளல்லவா அந்தக் கையுறை!

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணித்துறை, தன் நேரடிப் பொறுப்பிலுள்ள கார்பன் உமிழ்வை 2040க்குள் நிகரச் சுழியமாக்குவோம் என்று அறிவித்தது 2020இல். அறிவிப்பை நான் குறை கூறவில்லை, வரவேற்கிறேன். எனினும், மேலிடத்து முரசு முழங்குவதற்கு இரண்டாண்டுகள் முன்பே, படுக்கையருகே நின்ற பெண்கள் பணியைத் தொடங்கிவிட்டனர் என்பதை மறைப்பானேன்? எந்த உறை வீண் என்பது கோப்புக்குத் தெரியாது. அதை மாட்டிய கைக்குத்தான் தெரியும்.

ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று அல்லும் பகலும் தொட்டுத் தொட்டுப் பணி நடக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவிலே, கழற்றவேண்டிய உறைகள் இன்னும் எத்தனையோ! உறை மட்டுமா? விடிந்தால் இரத்தம் எடுப்பது என்றொரு வழக்கம். தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊசி, குழாய், சோதனை. இளைத்துக் கிடப்பவனிடம் நாள்தோறும் எடுத்து எடுத்து, சோகையை வளர்த்து, பிறகு பிறர் இரத்தத்தை ஏற்றுவதும் உண்டு! "இன்றைக்கு இது எதற்கு?" என்ற கேள்வியைச் சில பிரிவுகளிலே மருத்துவர்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.